உயில் எழுதாமல் இறந்தவரின் பிள்ளைகளுக்குரிய வாரிசுரிமை (இந்து வாரிசுரிமைச் சட்டம், இந்தியா)

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து யாரைச் சேரும் என்பதை இந்தியாவில் அவரவர் சமயம் சார்ந்த சட்டங்கள் வரையறுக்கின்றன. இந்து, பௌத்த, சமண, சீக்கிய சமயத்தவருக்கு 1956 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். பட்டியல் பழங்குடியினருக்கு, நடுவண் அரசு தனியே அறிவித்தால் அன்றி இச்சட்டம் பொருந்தாது.

தந்தையின் சொத்து

தந்தை தாமே ஈட்டிய சொத்து முதலில் முதல் வகுப்பு வாரிசுகளைச் சேரும். மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர் இவர்களுள் முதன்மையானவர்கள். இவர்களுக்குச் சம பங்கு உண்டு. மகள் திருமணமானவரா இல்லையா என்பது பங்கை மாற்றாது. தந்தைக்கு முன்பே ஒரு பிள்ளை இறந்திருந்தால், அவருக்குரிய ஒரு பங்கை அவரது வாரிசுகள் பிரித்துக்கொள்வர்.

எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரும், முன்பே இறந்த மற்றொரு மகளின் இரு பிள்ளைகளும் உள்ளனர் எனக் கொள்வோம். சொத்து ஐந்து பங்குகளாகும். முதல் நால்வருக்கும் ஐந்தில் ஒரு பங்கு வீதமும், பேரப்பிள்ளைகள் இருவருக்கும் பத்தில் ஒரு பங்கு வீதமும் கிடைக்கும்.

தாயின் சொத்து

தாயின் சொத்தை மகன்கள், மகள்கள், கணவர் ஆகியோர் சமமாகப் பெறுவர். இறந்துபோன பிள்ளையின் பிள்ளைகளுக்கும் இதில் உரிமை உண்டு.

பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமை

கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் பங்குரிமையை 1956ஆம் ஆண்டுச் சட்டம் மகன்களுக்கு மட்டுமே விட்டுவைத்தது. ஒரு மகனையும் ஒரு மகளையும் மட்டும் விட்டுத் தந்தை இறந்தால், மகன் முதலில் தன் பாதியைப் பெறுவார். தந்தையின் பாதியே இருவருக்கும் பிரிக்கப்படும். இதனால் மகனுக்கு நான்கில் மூன்று பங்கும் மகளுக்கு நான்கில் ஒரு பங்கும் கிடைத்தன.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அந்நாளில் திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்குப் பிறப்புரிமை வழங்கப்பட்டது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், திருமணமானவர் உட்பட எல்லா மகள்களுக்கும் இந்தியா முழுதும் இவ்வுரிமையை விரிவாக்கியது. மேற்கண்ட குடும்பத்தில் இன்று இருவருக்கும் பாதிப் பாதி கிடைக்கும். இவ்வுரிமையைப் பெற, திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்தது. எனினும் 2004 டிசம்பர் 20க்கு முன்னர் முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினைகள் செல்லும்.

பிற பிள்ளைகள்

* கருவிலுள்ள குழந்தை: தந்தை இறந்தபோது கருவில் இருந்து, பின்னர் உயிருடன் பிறந்த குழந்தைக்கும் சம உரிமை உண்டு.
* தத்துப்பிள்ளை: தத்தெடுத்த பெற்றோரின் சொந்தப் பிள்ளையாகவே கருதப்படுவார். தத்துக் கொடுக்கப்பட்டபின் பெற்றவர்களின் சொத்தில் வாரிசுரிமை இல்லை.
* செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை: பெற்றோரின் சொத்தில் உரிமை உண்டு, பிற உறவினரின் சொத்தில் இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றோருக்கு வரவேண்டிய பங்கிலும் உரிமை உண்டு என 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பெற்றோரைக் கொலை செய்த பிள்ளை அவரது சொத்தைப் பெற முடியாது.

நடைமுறை

தமிழ்நாட்டில் வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குகின்றார். இது வாரிசுகள் யார் என்பதைக் காட்டும் ஆவணமே. பங்கை முடிவு செய்வதில்லை. திருமணத்தின்போது நகையும் சீரும் பெற்றதனால் மட்டும் மகளின் பங்கு அற்றுப்போவதில்லை. நிலத்திலோ வீட்டிலோ உள்ள பங்கை விட்டுக்கொடுக்க, அவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும்.

18 வயது நிறையாத பிள்ளையின் நிலத்தையோ வீட்டையோ தாயானாலும் நீதிமன்ற அனுமதியின்றி விற்கலாகாது. அவ்வாறு விற்றிருந்தால், அப்பிள்ளை 18 வயது நிறைந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்து விற்பனையை நீக்கலாம்.