உடம்பில் கட்டி இருந்தால் பிள்ளை பெறலாமா?

தோலில் பால்காப்பி நிறத் திட்டுகள், அங்கங்கே மெத்தென்ற கட்டிகள். ‘மரு’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவத்தில் இதற்கு நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்று பெயர். ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு வரும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்காகச் சில விளக்கங்கள்.

கிரகணத்தில் வெளியே வந்ததால் வந்ததா? ஒட்டிக்கொள்ளுமா?

இரண்டும் இல்லை. 17ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுது இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மூத்ததற்கு வந்துவிட்டது, இளையது தப்பிவிடும் என்ற கணக்கெல்லாம் கிடையாது. அதே சமயம், நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பரம்பரையில் யாருக்குமே இருந்ததில்லை. ‘மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள்’ என்று சம்பந்தி வீட்டோடு மல்லுக்கு நிற்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாசமாக இருக்கும்போது கட்டிகள் பெருகுகின்றனவே?

பலருக்கும் அப்படித்தான். பிரசவத்துக்குப் பின் சில சுருங்கும். தோல் கட்டிகள் வயிற்றுப் பிள்ளையைத் தொடுவதில்லை. வேகமாக வளர்கிற, விடாமல் வலிக்கிற கட்டியை மட்டும் உடனே காட்டுங்கள். அது புற்றாக மாறியிருக்கலாம்.

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்?

கண்ணுக்குத் தெரியாத இரத்த அழுத்தத்துக்கு. இந்நோய் உள்ள தாய்மாருக்குக் கர்ப்பகால இரத்தக் கொதிப்பு கூடுதலாக வருகிறது. அரிதாக, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரும். அழுத்தம் திடீரென எகிறும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தலை பிளக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மலையில் தலைவலி வந்தால் குளிர் ஏறிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டு பெரட்டுக்குப் போய்விடுவோம். கர்ப்பிணி அப்படிப் போகக் கூடாது. கிளினிக்கில் மிஸ்ஸியிடம் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

மலையிலேயே பிரசவம் பார்க்கலாமா?

தானா ராத்தாவில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இந்நோய்க்காரர்களுக்குப் பல துறை நிபுணர்கள் ஒரே இடத்தில் வேண்டும். சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கும் சாலையோ வளைவுகள் நிறைந்தது. மழையில் மண் சரியும். வலி கண்ட பிறகு அதில் இறங்குவதைவிட, எங்கே பிரசவம் என்பதை முதல் மாதங்களிலேயே டாக்டரிடம் பேசி முடிவுசெய்யலாம். முதுகெலும்பு ஓரத்திலும் கட்டி இருக்கக்கூடும் என்பதால், முதுகில் ஊசி போடுவதற்கு முன் ஸ்கேன் தேவையா என்று மயக்க மருந்து நிபுணரிடம் அப்போதே கேட்டு, பதிலைத் தாய்மைப் பதிவுப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.