நீங்கள் தூங்கியதும் நடக்கும் கூத்து

உஷ்! சத்தம் போடாமல் வாருங்கள். ஆசாமி கண்ணை மூடியாயிற்று. நாம் நுழையப்போவது அவருடைய மூளைத்தண்டுக்குள். மொத்த இடமே ஏறக்குறைய கட்டைவிரல் அளவுதான், ஆனால் இங்கே நடக்கிற அமளி இருக்கிறதே!

அதோ, லோகஸ் செருலியஸ். நிஜமாகவே நீலம் பூத்த புள்ளி! பகலெல்லாம் நார்அட்ரினலினை வாரி இறைத்து அவரை விழிக்க வைத்தது இதுதான். இப்போது கையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

கீழே, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் வேகஸ் நரம்பு வந்து சேர்கிறது. இதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இதயம், நுரையீரல், வயிற்றிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை. அந்தச் சேதி வந்து இறங்கும் இடத்தை 1961-ல் இத்தாலியின் பைசாவில் மொருஸி குழுவினர் பூனைகளில் மெதுவான மின்துடிப்பால் தூண்டினார்கள். மூளை அலைகள் தூக்க அலைகளாக மாறின!

ஆசாமியின் மணிக்கட்டில் விரலை வையுங்கள், எழுந்துவிட மாட்டார். மூச்சை இழுக்கையில் நாடி கொஞ்சம் விரைகிறது, விடுகையில் தணிகிறது. வேகஸ் இதயத்தின் கடிவாளத்தை விட்டுப் பிடிக்கிறது.

பொறுங்கள், ஒன்றரை மணி நேரம் போகட்டும். கனவு ஆரம்பம்! நீலப்புள்ளி சுத்தமாக வாயடைத்துவிட்டது. முகுளத்துக்கு மேலே உள்ள பான்ஸ் பகுதியிலிருந்து உத்தரவு கிளம்ப, முகுளமும் தண்டுவடமும் தசை நரம்பணுக்களின் மேல் கிளைசின், காபா என்ற அடக்கும் ரசாயனங்களைக் கொட்டுகின்றன. கை, கால், கழுத்து எல்லாம் துவண்டு கிடக்கின்றன. முக்கிய விதிவிலக்கு கண்ணுக்கும் உதரவிதானத்துக்கும். இல்லாவிட்டால் மூச்சு என்னாவது?

இந்தப் பூட்டு இல்லையென்றால்? பிரான்ஸின் லியோனில் மிஷேல் ஜூவே பூனைகளின் பான்ஸில் அந்த உத்தரவைக் கிளப்பும் சிறு பகுதியைச் சிதைத்துப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்தது. இல்லாத எலியைப் பதுங்கிப் பாய்ந்து பிடித்தது, எதிரே வராத பகையாளியைப் பிறாண்டியது. எல்லாம் உறக்கத்தில்! மனிதர்களுக்கும் இந்தக் கோளாறு உண்டு. பக்கத்தில் படுத்திருப்பவர் பாடு திண்டாட்டம்.

இன்னொரு வம்பும் சொல்லிவிடுகிறேன். வேகஸ் இதயத்தை ஒரு ரசாயனத்தால்தான் அடக்குகிறது என்று தவளை இதயங்களில் நிரூபித்து, 1936-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஓட்டோ லோவிக்கு அந்தச் சோதனை யோசனையே கனவில்தான் வந்ததாம். முதல் ராத்திரி பாதித் தூக்கத்தில் கிறுக்கிவைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் ராத்திரி மூன்று மணிக்கு யோசனை திரும்ப வந்தது. மனிதர் இந்த முறை காகிதத்தை நம்பவில்லை. எழுந்து நேராக ஆய்வகத்துக்கே ஓடிவிட்டார்.