கத்தோலிக்க மீட்புக் கொள்கையில் மரியாவின் இடம்: வில்லியனூர் லூர்து அன்னை வழிபாட்டை முன்வைத்து

முன்னுரை

புதுச்சேரி நகருக்கு மேற்கே, காட்டேரிக்குப்பம் முதலிய சிற்றூர்கள் அடங்கிய வேளாண் நிலப்பகுதியில் புகழ்பெற்ற மரியன்னைத் திருத்தலம் வில்லியனூர் லூர்து அன்னை ஆலயமாகும். பிரான்சு நாட்டிலிருந்து 1877ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட லூர்து அன்னையின் சுரூபம் இங்கு வணங்கப்படுகிறது. உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து நிகழும் ஆண்டுத் திருவிழாவில் தேர்ப்பவனி நடைபெறுகிறது. ஆலயத்தின் எதிரே திருக்குளம் உள்ளது. பிற சமயத்தாரும் நேர்த்திக்கடன் செலுத்த வருகின்றனர். இவ்வழிபாட்டின் புறத்தோற்றத்தை மட்டும் காண்போர், கத்தோலிக்கர் மரியாவையே மீட்பராகக் கொள்கின்றனர் என்று கருதக்கூடும். அக்கருத்து பொருந்தாது என்பதைத் திருச்சபைப் போதனையையும் வழிபாட்டுக் கூறுகளையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

விவிலிய அடிப்படை

கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இணைப்பாளர் கிறிஸ்து ஒருவரே என்பது விவிலியத்தின் தெளிவான கூற்று (1 திமொத்தேயு 2:5). மரியாவின் பங்கு இதற்கு உட்பட்டது. வானதூதரின் செய்திக்கு அவர் இசைவளிக்கிறார் (லூக்கா 1:38). கடவுளைத் தம் மீட்பர் என்றே அவர் போற்றுகிறார் (லூக்கா 1:47). கானா ஊர்த் திருமணத்தில் குறையை மகனிடம் தெரிவிப்பவர் மரியா. அதனை நீக்குபவர் இயேசு (யோவான் 2:1-11). பரிந்துரைத்தல் தாய்க்கும் அருஞ்செயல் மகனுக்கும் உரியன என்னும் பகுப்பு இந்நிகழ்விலேயே புலப்படுகிறது.

திருச்சபைப் போதனை

எபேசு பொதுச்சங்கம் 431ஆம் ஆண்டு மரியாவுக்கு ‘இறைவனின் தாய்’ என்னும் பெயரை உறுதிசெய்தது. கிறிஸ்து ஒருவரே ஆள் என்னும் உண்மையைக் காப்பதே அதன் நோக்கம். திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1854இல் மரியாவின் அமல உற்பவத்தைக் கோட்பாடாக அறிவித்தார். கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டே மரியா பிறப்புநிலைப் பாவத்தினின்று காக்கப்பட்டார் என்பது அதன் உட்பொருள். ஆகவே மரியாவும் மீட்கப்பட்டவரே. மீட்பின் முழுமையான முதற்கனி அவர் எனலாம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் லூர்து நகரில் பெர்னதெத்துக்குத் தோன்றிய அன்னை தம்மை அமல உற்பவம் என்றே அறிவித்ததாகத் திருச்சபை மரபு கூறுகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் எட்டாம் அதிகாரம், மரியாவின் தாய்மைப் பணி கிறிஸ்துவின் தனி இணைப்பாண்மையை மறைப்பதோ குறைப்பதோ இல்லை என்கிறது. 2025 நவம்பரில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட குறிப்பும், ‘இணைமீட்பர்’ என்னும் பட்டம் மரியாவின் ஒத்துழைப்பை விளக்கப் பொருத்தமற்றது எனத் தெளிவுபடுத்தியது.

வழிபாட்டில் கொள்கை

இக்கொள்கை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. லூர்து அன்னையின் மரபுவழிச் சுரூபம் கைகளைக் குவித்து, விழிகளை மேல்நோக்கி நிற்பது. அது வரம் வழங்கும் கோலமன்று, வேண்டும் கோலம். மாதா மன்றாட்டுமாலையின் சொற்களும் இவ்வாறே அமைகின்றன. மூவொரு இறைவனிடம் ‘இரக்கம்’ கேட்கப்படுகிறது. மரியாவிடமோ ‘வேண்டிக்கொள்ளும்’ என்னும் வினையே மீளமீள வருகிறது. கேட்கப்படுவது மாறுவதால் கேட்கப்படுபவரின் நிலையும் வேறுபடுகிறது. ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் போற்றிய அடைக்கல அன்னையின் பெயரும் மீட்பைச் சுட்டாமல் புகலிடத்தையே சுட்டுகிறது.

எனினும் நேர்ச்சையின் பயனை அன்னையே நேராக அளித்ததாகப் பேசும் வழக்கு மக்களிடையே உண்டு. தாயிடம் முறையிட்டுப் பெற்றதைத் தாய் தந்ததாகவே சொல்லும் குடும்ப வழக்கோடு இது ஒத்தது. இதனைக் கோட்பாட்டுக் கூற்றாகக் கொள்வது பிழையாகும்.

முடிவுரை

கத்தோலிக்க நம்பிக்கையில் மரியா மீட்பின் ஊற்றல்லர். மீட்கப்பட்டவர்களுள் முதன்மையானவர், மீட்பருக்கு இசைந்தவர், பிறருக்காகப் பரிந்துரைப்பவர். வில்லியனூரில் தேரேறி வரும் அன்னையின் குவிந்த கைகள் இதனையே உணர்த்துகின்றன. ஆகவே நாட்டார் மரியன்னை வழிபாட்டை ஆராய்வோர், திரளும் கூட்டத்தையும் விழாச் சிறப்பையும் மட்டுமன்றி, மன்றாட்டின் வினைச்சொற்களையும் சுரூபத்தின் கோலத்தையும் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும்.