பட்டம் தவறும் மழை

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும், ஜனவரி 28இல் மூடும். 1934இல் அணை எழுந்த பிறகு காவிரி டெல்டாவின் விதைப்பு, கடன், கல்யாணம் எல்லாமே இந்த இரண்டு தேதிகளை ஒட்டித்தான் திட்டமிடப்பட்டன. வைகாசியில் குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். அந்தத் தண்ணீர் மேட்டூரில் தேங்கி, கல்லணையைக் கடந்து, ஆடிக்குள் கடைமடையை எட்டும். நூற்றுப்பத்து நாள் குறுவையை ஐப்பசி மழைக்கு முன்பே அறுத்துக் களத்தில் காயவைத்துவிடுவார்கள். ஆவணியில் போட்ட சம்பா அதற்குள் வேர் பிடித்து, தூர் கட்டி, வடகிழக்குப் பருவமழையை நின்று குடிக்கும் உயரத்துக்கு வந்திருக்கும். மார்கழிப் பனியில் கதிர் முற்றி, தை வெயிலில் அறுவடை. குறுவை அறுத்த நிலத்தில் தாளடி.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நாம் போதுமான அளவு மெச்சியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் ஒரு மழையையும் வங்கக் கடலிலிருந்து வரும் இன்னொரு மழையையும் ஒரே வயலில் அடுத்தடுத்து வாங்கிக்கொள்ளும்படி, பயிரின் நாள்கணக்கைத் தலைமுறை தலைமுறையாக வெட்டித் தைத்திருக்கிறார்கள். இரண்டு மழைக்கும் நடுவே கிடைத்த மூன்று நான்கு வார வெயில்தான் குறுவைக்காரரின் லாபம். எந்த நெல்லை எந்தப் பட்டத்தில் போடுவது, எப்போது மடையை அடைப்பது என்ற அறிவெல்லாம் மழை ஏறக்குறைய சொன்ன நேரத்தில் வரும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தது.

அன்று மழை பொய்த்ததே இல்லை என்று சொல்ல வரவில்லை. தாது வருஷப் பஞ்சத்தை மறந்து பருவமழையைப் பற்றிப் பேசவே கூடாது. 1876இல் சென்னை மாகாணத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் ஒருசேர ஏமாற்றின. அடுத்த இரண்டு ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். பசிபிக் பெருங்கடலில் அப்போது எழுந்த எல் நினோ மிகக் கடுமையானது என்று இன்று அறிவோம். ஆனால் மழை தவறியது மட்டுமே அத்தனை பேரைக் கொன்றுவிடவில்லை. தானிய ஏற்றுமதியை நிறுத்தாததும், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் படியைக் குறைத்ததும் ஆட்சியாளர்கள் எடுத்த முடிவுகள். 1924 ஜூலையில் இதற்கு நேரெதிராகக் காவிரி கரைபுரண்டு பெரும் சேதம் செய்தது. மறு ஆண்டே மேட்டூர் அணை வேலை தொடங்கியது.

ஆக, ஏற்ற இறக்கம் புதிதல்ல. அது ஒரு நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் ஆடியது. கெட்ட வருஷம் போனால் பழைய தாளத்துக்குத் திரும்பியது. இன்று அந்தக் கோடே இடம்பெயர்கிறது.

அண்மை ஆண்டுகளைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்குத் தர வேண்டியது சுமார் 44 செ.மீ. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அடுத்த ஆண்டு மாநிலத்தின் மொத்தப் பருவத்துக்கும் கிடைத்தது ஏறத்தாழ 17 செ.மீ.; 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் போனது. 2021இல் 71 செ.மீ. மழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. அந்த ஊர் முழு ஆண்டுக்கும் எதிர்பார்க்கும் மழையைவிட அது அதிகம்.

பசிபிக் சூடேறும் எல் நினோ வந்தால் தென்மேற்கு சுணங்கும், வடகிழக்கு வலுக்கும். அது குளிரும் லா நினா என்றால் வடகிழக்கு மெலியும். இது நம் கரைக்குப் பொதுவாகப் பொருந்திய கணக்கு. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி கிழக்கைவிடச் சூடாக இருந்தாலும் நமக்கு மழை கூடும். 2015இல் இந்த இரண்டும் கைகோத்தன. ஆனால் 2021 லா நினா ஆண்டு. வறண்டிருக்க வேண்டிய பருவத்தில் ஊர்கள் மிதந்தன. கணக்கு அடிக்கடி பிசகுவதற்குப் பின்னால் சூடேறும் கடலும் இருக்கலாம். 1951க்கும் 2015க்கும் இடையில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருப்பதாக ஒன்றியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அதில் தங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். அந்த ஈரத்தைப் பல நாள் தூறலாகப் பிரித்துத் தராமல் ஓரிரு இரவுகளில் கவிழ்த்துவிட்டு மேகம் நகர்ந்துவிடுகிறது.

ஆற்றிலும் இதே கதைதான். 2012 தொடங்கி 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. இதற்குப் பருவநிலையை மட்டும் கைகாட்டுவது நேர்மையாகாது. கர்நாடகத்துடனான பங்கீட்டுச் சிக்கலும் இதில் உண்டு. மழை குறைந்த ஆண்டில்தான் அந்தச் சிக்கல் முற்றுகிறது என்பதும் உண்மை. 2018 ஜூலையில் தாமதமாகத் திறந்த அணைக்கு ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு கொள்ளிடம் அணையின் மதகுகள் உடைந்தன. கொள்ளிடம் வழியே தண்ணீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருக்க, கடைமடை வாய்க்கால்கள் காய்ந்து கிடந்தன. நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. 2022இல் அணை ஏறக்குறைய நிரம்பியதால் மே 24இலேயே திறந்தார்கள்.

தண்ணீர் ஒரு மாதம் பிந்தினால் குறுவை அறுவடை ஐப்பசி மழையில் சிக்கும். சம்பா பிந்தினால் இளம் நாற்று வெள்ளத்தில் மூழ்கும். டெல்டாக்காரர்களை உண்மையில் உடைத்துப்போடுவது இவற்றையும் தாண்டி, தையிலும் மாசியிலும் வரும் மழை. 2021 ஜனவரியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெய்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மீண்டும். கதிர் முற்றித் தலை சாய்ந்த சம்பா தண்ணீரில் படுத்தது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்க முடியவில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கமாட்டார்கள். ஐந்து மாத உழைப்பும் நகைக்கடனும் சாலையோரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே முளைவிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடும்பத்துக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

இனி என்ன ஆகும்? உமிழ்வு இப்படியே கூடிக்கொண்டே போகும் மோசமான பாதையில், நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவின் சராசரி வெப்பம் 4.4 டிகிரி வரை உயரலாம் என்று அதே அமைச்சக அறிக்கை கணிக்கிறது. பகல் வெயிலுக்கு நெல் ஓரளவு ஈடுகொடுக்கும். இரவுப் புழுக்கம்தான் மணியைப் பதராக்குகிறது. இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவதைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் பதிவுகள் 2004இல் காட்டின. கடலோ 1993 முதல் வட இந்தியப் பெருங்கடலில் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் ஏறிவருகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலம் கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர்தான் உயரம். கடல் ஏற ஏற, வடிகால் ஆறுகளில் வெள்ளம் வெளியேறத் திணறும். கோடையில் உப்புநீர் உள்ளே ஏறும். அங்கே வயல்களுக்கு முதலில் வரப்போகும் கேடு வறட்சி என்பதைவிட, வடியாத தண்ணீர் என்றே எனக்குத் தோன்றுகிறது. வெண்ணாற்றுப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடந்த வடிகால் சீரமைப்பு சரியான திசையில் எடுத்த அடி. தூர்வாருவதைத் தேர்தலுக்குத் தேர்தல் நினைவுகூர்வது போதாது.

விதையிலும் வேலை நடந்திருக்கிறது. சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் இரண்டு வாரம் வரை முழுகிக் கிடந்தாலும் பிழைக்கும். அதற்கு அந்த உயிர்த்திறனைத் தந்த மரபணு ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து வந்தது. ஆற்றுத் தண்ணீர் பிந்தும் ஆண்டுகளில் பலர் நாற்றங்காலைக் கைவிட்டு நேரடி விதைப்புக்குப் போகிறார்கள். விவசாயி தன் பட்டத்தை மாற்றத் தொடங்கிவிட்டார்.

அரசின் தேதிகள்தான் இன்னும் நகரவில்லை. சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் 15 கடைசி நாள் என்று வைக்கிறோம், விதைப்பு எப்போது நடந்தாலும் சரி. ஈரப்பதத் தளர்வு கேட்டு ஒவ்வொரு முறையும் டெல்லிக்குக் கடிதம் போகிறது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதற்குள் குவியல் கறுத்துவிடுகிறது. கொள்முதல் காலத்தில் ஒரு வட்டாரத்தில் இவ்வளவு மழை பெய்தால் தளர்வு தானாகவே நடைமுறைக்கு வரும் என்று விதியிலேயே எழுதிவிடலாம். கூரையிட்ட களமும் உலர்த்தும் இயந்திரமும் இல்லாத கொள்முதல் நிலையத்தைத் திறக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதலாம். அந்த ஆணையை, குறுவை அறுவடைக்கு முன்பே, ஆவணிக்குள் பிறப்பிக்க வேண்டும்.