வெந்நீர் அடுப்பின் புகை

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு மருந்து பெறும் பெண்களிடம், வீட்டில் விறகு எரிப்பதுண்டா என்று கேட்டால், கேஸ் இருக்கிறது என்பதே பெரும்பாலும் முதல் விடை. குளிக்க வெந்நீர் எதில் வைக்கிறீர்கள் என்று மேலும் கேட்ட பிறகே, கொல்லையில் மூன்று கல் அடுப்பு ஒன்று இருப்பது தெரியவருகிறது. மார்கழியிலும் தையிலும் அது நாள்தோறும் எரிகிறது. அதன்முன் குனிந்து ஊதுபவரும் பெரும்பாலும் நோயாளியே.

லாங் பஜாருக்குப் பாத்திரம் வாங்கச் செல்லும் குடும்பத்தினர், "புகையில்லா அடுப்பு" வாங்கலாமா என எங்களிடம் வினவுகின்றனர். பழைய அடுப்பைவிட அது மேல். ஆனால் புகையே வராது என்பது உண்மையன்று.

பழைய அடுப்பில் விறகின் ஆவி முழுமையாக எரியாமல் புகையாக வெளியேறுகிறது. புதுவகையில் மேற்புறத் துளைகள் வழியே காற்று புகுந்து அந்த ஆவியையும் எரிக்கிறது. சிலவற்றில் சிறு மின்விசிறியும் உண்டு. இத்தகைய அடுப்புகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13152. இதன்படி, பாத்திரத்தைச் சேரும் ஒவ்வொரு மெகாஜூல் வெப்பத்துக்கும் வெளியேறும் துகள், விசிறியற்ற அடுப்பில் 350 மில்லிகிராமையும் விசிறி அடுப்பில் 150 மில்லிகிராமையும் தாண்டலாகாது. வாங்குமுன் இந்த எண்ணைக் கேளுங்கள். இது ஆய்வகத்தில் உலர்ந்த விறகைக் கொண்டு அளப்பது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். ஈர வேலிகாத்தான் விறகைத் திணித்தால் எந்த அடுப்பும் புகையும்.

மலாவி நாட்டில் விறகடுப்புக்கு மாற்றாக விசிறி அடுப்புகளை வழங்கி, 10,750 குழந்தைகளைக் கண்காணித்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. நிமோனியா குறையவில்லை. குப்பை எரிப்பு போன்ற பிற புகைகள் தொடர்ந்தது ஒரு காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர். எனவே மூச்சிரைப்பு உள்ளோர், கருவுற்றோர், கைக்குழந்தைகள் உள்ள வீடுகளில் வெந்நீருக்கும் கேஸ், மின்சாரம் அல்லது சூரிய வெப்பத்தையே பரிந்துரைக்கிறோம். செலவு இடந்தராவிடில், தரமான அடுப்பைத் திறந்த வெளியில், சன்னலுக்கு அப்பால் வைத்து, நோயாளியல்லாத ஒருவர் மூட்டட்டும்.

நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று: தோல் வெட்டுத் துண்டுகளை அடுப்பில் இடாதீர்கள். குரோம் பதனிட்ட தோல் எரிகையில், அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் விளைவிக்கும் வடிவமாக மாறக்கூடும்; சாம்பலிலும் அது தங்கும். அச்சாம்பலால் பாத்திரம் துலக்குவதும் கூடாது.

வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர், குழாய் மூக்கில் இருக்கும்போது எந்த அடுப்பின் அருகிலும் செல்லலாகாது.