கொப்புளத்தோடு வருகிறவர்கள்

பழனிக்கு பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. படியேற முடியாதவர்களுக்கு விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. இத்தனை இருந்தும், தை பிறந்தால் காரைக்குடி, சிவகங்கைப் பக்கத்துச் சனங்கள் நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்தேதான் வருகிறார்கள். நாள் கணக்கில் நடை. பாதிப் பேர் காலில் செருப்பு கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ரோட்டோரப் பந்தலில் நடக்கும் இலவச மருத்துவ முகாமுக்கு வருஷா வருஷம் போகிறேன். சாமி நம்பிக்கை மனுஷனை ஏன் இப்படி இழுக்கிறது என்று நான் யோசிப்பதெல்லாம் பாதங்களைப் பார்த்துத்தான்.

எங்களிடம் வந்து சேரும்போது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம் கட்டியிருக்கும். அந்தத் தோலை உரிக்கக் கூடாது. ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, ஓரத்தில் புது ஊசியால் குத்தி, காஸ் வைத்து நீரை ஒற்றி எடுத்து, பெட்டாடின் போட்டு, தோலை அப்படியே மூடிக் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் காலை ஊன்றிப் பார்ப்பார்கள். முகம் ஒரு சுளிப்பு சுளிக்கும். "அரோகரா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பழனிக்கு இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும்.

இப்படி நடப்பதற்குப் படிப்பில்லாத சனம், பயம், பழக்கம் என்று மூன்று காரணங்கள் எல்லோர் வாயிலும் தயாராக இருக்கின்றன. பழக்கம் என்பதை ஒத்துக்கொள்ளலாம். அப்பா நடந்தார், மகன் நடக்கிறான். படிப்பில்லை என்பதுதான் பொருந்தவில்லை. என் எதிரே கால் நீட்டி உட்காருபவர்களில் பேங்க் மேனேஜர் உண்டு, டீச்சர் உண்டு, லேப்டாப் பையோடு நடக்கும் ஐ.டி. பையன்கள் உண்டு. பார்மசிஸ்ட் ஒருவர் பெட்டாடினில் அயோடின் எவ்வளவு என்று எனக்கே பாடம் எடுத்தார். பியூ ஆய்வு மையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கைக்காக இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் கேட்டபோது, 97 சதவீதம் பேர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். பெரியார் ஊர் ஊராகப் போய்ப் பேசிய மண்ணிலும் தைப்பூசக் கூட்டம் குறையவில்லை. இத்தனை பேரையும் விவரம் கெட்டவர்கள் என்று தள்ளிவிட எனக்குத் துணிச்சல் இல்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில், இன்றைய பாப்புவா நியூகினியைச் சேர்ந்த ட்ரோபிரியண்ட் தீவுகளில் தங்கி அந்த மக்களோடு பழகியவர் மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியல் அறிஞர். அவர் கவனித்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். கரையோரக் காயலில் மீன் பிடிக்க அவர்கள் மந்திரம் சொல்வதில்லை. அங்கே ஆபத்து இல்லை, மீனும் நிச்சயம். ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் விரிவான சடங்குகள் எல்லாம். கடலோட்டத்திலோ படகு கட்டுவதிலோ அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. தெரிந்த மட்டும் செய்துவிட்டு, கைக்கு அடங்காத மிச்சத்துக்கு மந்திரத்தை வைத்துக்கொண்டார்கள். நாம் மட்டும் என்ன, வாய்ப்பாடு ஒப்பிக்கவா தேங்காய் உடைக்கிறோம்? பொதுத்தேர்வுக்குத்தான் உடைக்கிறோம்.

ஐ.சி.யூ. வாசலில் நான் வருஷக்கணக்கில் பார்த்ததும் இதுதான். வெளியே நிற்கும் தாய், "நாங்க என்ன செய்யணும் சிஸ்டர்?" என்று கேட்பாள். "வெயிட் பண்ணுங்கம்மா" என்பதைத் தவிர எங்களிடம் பதில் இருக்காது. டாக்டருக்கு வேலை இருக்கிறது, எனக்கு இருக்கிறது, வார்டு பாய்க்குக்கூட இருக்கிறது. பெற்றவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. பிள்ளை உள்ளே கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது பெரிய சித்திரவதை. அப்போது அவள் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைக்கிறாள், நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொள்கிறாள். அவளுக்கும் ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. நம்பிக்கை உள்ளே நுழைய அந்த வாசல் போதும் என்பது என் எண்ணம். கடவுள் இருக்கிறாரா என்று ஆராய்ந்து முடித்துவிட்டு நேர்ந்துகொண்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, பேரனுக்கு டெங்கு வந்து பிழைத்ததற்காக நடந்தார். கட்டுப் போட்டுக்கொண்டே, "காப்பாத்துனது டாக்டரா, முருகனா?" என்று வாயைக் கிளறினேன். "டாக்டருக்கு பில்லு கட்டியாச்சு தாயி. இவருக்குத்தான் பாக்கி நிக்குது" என்றார்.

சரி, நேர்ந்துகொள்ளட்டும். உடம்பை ஏன் இப்படி வருத்திக்கொள்ள வேண்டும்? இதற்குப் பதில் தேடியவர்களில் டிமிட்ரிஸ் ஸிகலாட்டாஸ் என்ற கிரேக்க ஆய்வாளர் முக்கியமானவர். அவர் ஆய்வு செய்த இடமோ மொரீஷியஸ். ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் ஆட்கள் கொண்டுபோன காவடி அங்கே இன்றும் உயிரோடிருக்கிறது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறையே உண்டு. பேச்சு கிரியோல் மொழிக்கு மாறிவிட்டது, அலகு குத்துவது மாறவில்லை. ஸிகலாட்டாஸ் குழு செய்தது எளிமையான காரியம். கூட்டு வழிபாட்டுக்கு வந்தவர்களுக்கும், அலகு குத்திக் காவடி எடுத்தவர்களுக்கும் கையில் பணம் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் கோயிலுக்கு விருப்பப்பட்டதைப் போடச் சொன்னார்கள். அலகு குத்தியவர்கள் கூடுதலாகப் போட்டார்கள். வலி அதிகம் என்றவர்கள் இன்னும் அதிகம். அலகு குத்தாமல் உடன் நடந்து வந்த சொந்தபந்தங்களும் சளைக்கவில்லை. இது 2013-இல் வெளியானது. 2019-இல் வந்த இன்னொரு ஆய்வில், நாள்பட்ட நோய் உள்ளவர்கள்தான் கூடுதல் வலியைத் தேடிப் போகிறார்கள் என்று தெரிந்தது. காவடிக்குப் பிறகு தங்கள் நிலை தேவலை என்று அவர்களே சொல்லவும் செய்தார்கள்.

ஒருவர் வலி பக்கத்தில் இருப்பவரைத் தொடுவதற்கு ஸ்பெயினில் ஒரு சாட்சி இருக்கிறது. சான் பெட்ரோ மான்ரிக்கே என்ற சிற்றூரில் ஜூன் மாதத் திருவிழாவில் தீ மிதிப்பார்கள். மிதிப்பவர் நெஞ்சிலும் பார்ப்பவர் நெஞ்சிலும் கருவி பொருத்திப் பார்த்ததில், உறவுக்காரர்களின் இதயத் துடிப்பு மிதிப்பவரின் துடிப்போடு சேர்ந்தே ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரருக்கு அப்படி இல்லை. எங்கள் பந்தலில் கருவி கிடையாது. ஆனால் ஒருவர் கொப்புளத்தில் ஊசி வைத்தால், அந்தக் கூட்டத்தில் நாலு பேர் பல்லைக் கடிப்பார்கள்.

வழியில் எல்லோரும் "சாமி"தான். ஊரில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஒரே தார்ப்பாயில் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகச் சாதி தொலைந்தது என்று எழுதினால் பொய். பல குழுக்கள் ஊர்வாரியாக, உறவுவாரியாகத்தான் கிளம்புகின்றன.

இந்த இழுப்பு எல்லா நாட்டிலும் ஒரே அளவில் இல்லை. நோரிஸ், இங்கிள்ஹார்ட் என்ற இரண்டு அறிஞர்கள் 2004-இல் எழுதிய நூலில், உயிருக்கும் பிழைப்புக்கும் உத்தரவாதம் உள்ள நாடுகளில் மதப்பற்று தளர்கிறது என்று வாதிட்டார்கள். ஸ்வீடனைப் பார்த்தால் சரி என்றுதான் படுகிறது. வைத்தியச் செலவுக்குத் தாலியை அடகு வைக்காத ஊரில் ஆழ்கடல் கொஞ்சம் சிறியதாகத்தான் இருக்கும்.

எனக்குக் கோபம் வரும் இடமும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் விரதம் என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்திருக்கும். கண்ணாடிச் சில்லு ஏறியதே தெரியாமல் நடந்து வந்த ஒருவர் காலிலிருந்து அதை நான் எடுத்திருக்கிறேன். விரலை எடுக்கும்படி ஆகிவிடும், செருப்புப் போடுங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வெறுங்காலோடு போவார்கள். அதையே குழுவின் குருசாமி சொல்லட்டும், மறுபேச்சு இருக்காது. ஆகவே ஒரு கூட்டம் பந்தலுக்குள் நுழைந்தால் முதலில் குருசாமியை உட்கார வைத்து, சுக்குக் காப்பி கொடுத்து, "உங்க கூட்டத்துல சுகர் இருக்கறவங்க யார் யாரு சாமி?" என்று கேட்டு ஆளை எண்ணிக்கொள்கிறேன். அவர் ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் மாத்திரை டப்பாவைத் திறப்பேன்.