உங்களுக்குத் தெரியுமா? எட்ஜ்ஃபீல்டின் பிரேத விசாரணைகள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஜார்ஜியா எல்லையை ஒட்டி இருக்கிறது எட்ஜ்ஃபீல்ட் மாவட்டம். 19-ஆம் நூற்றாண்டில் பருத்தியும் அடிமை உழைப்பும் வளர்த்த பூமி. மாநிலத்துக்குப் பத்து ஆளுநர்களைத் தந்த ஊர் என்று இன்றும் பெருமை பேசுகிறது. ‘ரத்தம் தோய்ந்த எட்ஜ்ஃபீல்ட்’ என்ற பெயரும் அதே ஊருக்குத்தான்.

◆ அன்று அங்கே ஒருவர் சந்தேகத்துக்கு இடமான முறையில் இறந்துகிடந்தால், கரோனர் என்ற மரண விசாரணை அதிகாரிக்கு ஆள் போகும். கரோனர் மருத்துவராக இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. விவசாயியாகவோ கடைக்காரராகவோ இருக்கலாம். விசாரணைக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. அக்கம்பக்கத்து ஆண்களில் பத்துப் பன்னிரண்டு பேரை ஜூரியாகத் திரட்டி, சத்தியம் வாங்கி, பிணத்தின் முன்னால் நிறுத்துவார். பிணத்தைக் கண்ணால் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது சட்டம். அவசரப்பட்டுப் புதைத்துவிட்டிருந்தால் தோண்டி எடுத்துப் பார்ப்பார்கள். இதற்கென்று நீதிமன்றம் கிடையாது. உடல் கிடக்கும் ஓடைக்கரையிலோ களஞ்சியத்திலோ விசாரணை நடக்கும்.

◆ இந்தப் பதவி 1194-இல் இங்கிலாந்தில் உருவானது. அப்போது இறந்தவருக்கு நியாயம் தேடுவதைவிட அரசனின் கஜானாவை நிரப்புவதுதான் முதல் வேலை. கொலைகாரனின் சொத்தும் தற்கொலை செய்துகொண்டவரின் உடைமையும் அரசனுக்கு. ஆளை இடித்துக் கொன்ற வண்டியும் முட்டிக் கொன்ற மாடும்கூட அரசனுக்கே போய்ச் சேரும். இந்தக் கடைசி வழக்கத்தை இங்கிலாந்து கைவிட்டது 1846-இல்தான்.

◆ கொலைத் தீர்ப்பில் ஒரு வாசகம் தவறாமல் வரும். கொன்றவன் தெய்வ பயம் இல்லாமல், சாத்தானின் தூண்டுதலால் இதைச் செய்தான் என்று எழுதுவார்கள். காரணம் புலப்படாத மரணமா? கடவுள் அழைத்துக்கொண்டார் என்று எழுதி முடிப்பார்கள்.

◆ 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அடிமைக்கு வயது, பால், நிறம் மட்டும், பெயர் கிடையாது. ஒரு முழு வாழ்க்கை ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். ஆனால் அதே மனிதர் கிணற்றில் மிதந்தாலோ, சாட்டையடியில் இறந்தாலோ, கரோனரின் தாளில் அவருக்கு ஒரு பெயர் கிடைத்தது. கடைசியாக யார் அவரைப் பார்த்தார்கள், உடலில் காயம் எங்கெங்கே, முந்தின இரவு என்ன நடந்தது என்றெல்லாம் எழுத்தில் ஏறியது. உயிரோடு இருந்தவரைக்கும் அவரைப் பற்றி இத்தனை வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. தென் கரோலினாவில் மாநிலம் முழுவதும் இறப்புப் பதிவு தொடங்கியதே 1915-இல்தான். அதற்கு முந்தைய நூற்றாண்டின் ஏழைகளையும் அடிமைகளையும் தேடுகிறவர்களுக்கு இந்தத் தாள்களே பெரிய துணை. இது எனக்கு ஆறுதல் தரவில்லை. பெயர் எழுதப்படுவதற்கு ஒரு மனிதர் பிணமாக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

◆ 1740-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தென் கரோலினாவில் ஓர் அடிமையை வேண்டுமென்றே கொன்றாலும் தண்டனை அபராதம்தான்: 700 பவுண்டு. ஆத்திரத்திலோ அளவுமீறித் தண்டித்தோ கொன்றால் 350. வெள்ளையர் யாரும் நேரில் பார்க்கவில்லை என்றால், ‘நான் செய்யவில்லை’ என்று முதலாளியே சத்தியம் செய்து தப்பலாம். திட்டமிட்ட கொலைக்கு மரண தண்டனை என்று சட்டம் மாறியது 1821-இல். மாறியும் என்ன பயன்? வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சொல்லும் சாட்சி நீதிமன்றத்தில் செல்லாது. அடி விழுந்ததைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்களாகவே இருந்தார்கள்.

◆ எல்லாத் தாளிலும் கொலை இல்லை. திறந்த அடுப்பங்கரையில் பருத்திச் சட்டை பற்றிக்கொண்டு கருகிய குழந்தைகள் இருக்கிறார்கள். ஆற்று வெள்ளம், மின்னல், மிரண்ட குதிரை, அளவுமீறிய விஸ்கி எல்லாம் இருக்கின்றன. பிறந்த அன்றே இறந்துகிடந்த சிசுக்களும், குற்றம் சாட்டப்பட்ட அவற்றின் தாய்மார்களும் இருக்கிறார்கள். தகப்பன் யார் என்பதை விசாரித்த தாள் அபூர்வம்.

◆ 1856 மே 22. வாஷிங்டன் செனட் அவைக்குள் புகுந்த ஒரு காங்கிரஸ் உறுப்பினர், அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரைக் கைத்தடியால் ரத்தம் சொட்டச் சொட்ட அடித்தார். அடித்தவர் எட்ஜ்ஃபீல்டைச் சேர்ந்த பிரெஸ்டன் புரூக்ஸ். பல ஆண்டுகளுக்கு முன் லூயிஸ் விக்ஃபால் என்ற இன்னொரு எட்ஜ்ஃபீல்ட்காரரோடு துப்பாக்கிச் சண்டை போட்டுக் குண்டடி பட்டவர் அவர். அன்றிலிருந்துதான் கைத்தடி. சம்னரை அடித்ததற்குக் கிடைத்த தண்டனை 300 டாலர் அபராதம். ஊர்க்காரர்கள் அவருக்குப் புதுப்புதுக் கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள். மானத்துக்காக அடிப்பதையும் கொல்வதையும் ஆண்மை என்று ஒரு சமூகமே கொண்டாடியபோது, பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ‘இது குற்றம்’ என்று எழுத எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

◆ அடிமை முறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்து, கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வந்தது. அவர்கள் ஜூரியிலும் நீதி ஆசனத்திலும் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் பிரின்ஸ் ரிவர்ஸ். அடிமையாகப் பிறந்து வண்டியோட்டியாக இருந்தவர். போரின்போது தப்பிப்போய் வடக்குப் படையின் கறுப்பினப் படைப்பிரிவில் சார்ஜென்ட் ஆனவர். பழைய எட்ஜ்ஃபீல்டின் ஒரு பகுதியைப் பிரித்து 1871-இல் உருவாக்கிய ஐக்கென் மாவட்டத்தில், ஹாம்பர்க் என்ற சிற்றூரின் நீதிபதி அவர்.

1876 ஜூலை 8 அன்று ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் ஹாம்பர்க்கின் கறுப்பினக் காவல்படையைச் சூழ்ந்தது. எல்லை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பீரங்கியே கொண்டுவந்தார்கள். சண்டையில் வெள்ளையர் ஒருவர் இறந்தார். பிடிபட்ட கறுப்பர்களில் சிலரைப் பெயர் சொல்லி ஒவ்வொருவராக வெளியே அழைத்துச் சுட்டார்கள். அடுத்த நாள்களில் ரிவர்ஸ் கரோனர் பொறுப்பை ஏற்று விசாரணை நடத்தினார். சாட்சிகளை விசாரித்த ஜூரி மழுப்பவில்லை. எண்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையர்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது. அந்த நாளில், அந்த ஊரில், அப்படி ஒரு தாளில் கையெழுத்திட்டவர்களின் நெஞ்சுரத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்ட மேத்யூ பட்லர் அடுத்த ஆண்டே செனட்டர் ஆனார். கூட்டத்தில் இருந்த எட்ஜ்ஃபீல்ட் இளைஞர் பெஞ்சமின் டில்மன் 1890-இல் ஆளுநராகத் தேர்வாகி, பிறகு செனட்டராகி, ஹாம்பர்க்கில் செய்ததை மேடையில் பெருமையாகப் பேசினார். பிரின்ஸ் ரிவர்ஸ் பதவி போய், மறுபடி வண்டியோட்டும் வேலைக்கே திரும்பினார். இறந்த அந்த ஒரு வெள்ளையருக்கு 1916-இல் நினைவுத்தூண் எழுப்பினார்கள்.

◆ 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கும்பல் ஒருவரைத் தூக்கில் தொங்கவிட்டால் கரோனர் ஜூரி எழுதிய தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே: ‘அடையாளம் தெரியாத நபர்களால் இறந்தார்.’ நூற்றுக்கணக்கானோர் பகலில் கூடி நின்று பார்த்த கொலைக்கும் அதே வரிதான். கும்பலில் இருந்தவர்களும் ஜூரியில் இருந்தவர்களும் ஒரே ஊர்; சில சமயம் ஒரே குடும்பம். இந்த வரியைப் பொய் என்று அம்பலப்படுத்த வாழ்நாளைக் கொடுத்தவர் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ்.

◆ டில்மன் முன்னின்று 1895-இல் எழுதவைத்த மாநில அரசியல் சட்டம் கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறித்தது. அதே சட்டத்தில், கும்பல் கொலை நடந்தால் அந்த மாவட்டம் இறந்தவரின் வாரிசுகளுக்குக் குறைந்தது 2,000 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்ற விதியும் இருந்தது.

◆ மாசசூசெட்ஸ் 1877-லேயே கரோனர் பதவியை ஒழித்து மருத்துவர்களை நியமித்தது. தென் கரோலினாவின் 46 மாவட்டங்களிலும் இன்றும் கரோனரை மக்கள் வாக்களித்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.

◆ அந்தப் பழைய தாள்களில் ஏராளமானவற்றை ஜார்ஜியா பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஸ்டீஃபன் பெர்ரியின் குழு ‘சிஎஸ்ஐ: டிக்ஸி’ என்ற பெயரில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. யாரும் படிக்கலாம்.

◆ கரோனர் முறையை ஆங்கிலேயர் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். பம்பாயில் அது 1990-களின் இறுதிவரை நீடித்தது. மற்ற ஊர்களில் அந்தப் பொறுப்பு போலீஸிடம் போனது. ஆனாலும் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேராவது உடன் இருந்தே பிரேத விசாரணை அறிக்கை எழுத வேண்டும் என்பது நம் சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு இது. 2024 முதல் புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவு. அறிக்கையில் உள்ளதை ஒப்புக்கொள்கிறவர்கள் மட்டும் கையெழுத்திட்டால் போதும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. என்றைக்காவது உங்களை அப்படி உடன் இருக்கும் பஞ்சாயத்தாராக அழைத்தால், உடலை நேரில் பாருங்கள். எழுதியதை முழுக்கப் படியுங்கள். நீங்கள் கண்டது அதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.